ஓர் அறை, ஒரு டிவி, ஆறு பேர்: புதிதாக பாக்ஸ் மாட்டியவர்களுக்கு

வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கம் பதினாறு ஆண்டுகளாக வீடு வீடாகப் போய் கேபிள் இணைப்பு கொடுக்கிறேன். ஒயரை இழுத்து, செட்-டாப் பாக்ஸை மாட்டி, படம் வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புவதுதான் எங்கள் தொழிலின் வழக்கம். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அப்படிப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு வந்த வீடுகளுக்குத்தான் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருந்தது. பழுது என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பழுது எதுவும் இருக்காது. படம் இந்தியில் பேசிக்கொண்டிருக்கும். அல்லது பையன் எதையோ அழுத்தியதில் சேனல் பூட்டிக்கொண்டிருக்கும். அல்லது ஆயா, அதாவது வீட்டுப் பாட்டி, தன் சேனல் எந்த எண் என்று தெரியாமல் அரை மணி நேரமாக அம்புக்குறியை அழுத்திக்கொண்டிருப்பார்.

எங்கள் பகுதி வீடுகளை அறிந்தவர்களுக்கு, பாக்ஸைக் கையாளத் தெரிந்திருப்பதன் அருமை தெரியும். வாரியக் குடியிருப்பானாலும் சந்து வீடானாலும் ஒரே அறைதான் கூடம், அதுவே படுக்கையறை, அதுவே பிள்ளைகள் படிக்கும் இடம். மணலியில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் அங்கேதான் தூங்க வேண்டும். ஆயா அங்கேதான் தொடர் பார்க்க வேண்டும். பள்ளி விட்டு வந்த குழந்தைக்குக் கார்ட்டூனும் அங்கேதான். அறைக்கு ஒரு டிவி இருக்கும் வீட்டில் பாக்ஸின் வசதிகள் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. ஆறு பேர் ஒரே திரையைப் பங்கு போட்டுக்கொள்ளும் வீட்டில்தான் அவை உண்மையில் உதவுகின்றன. ஆகவே பாக்ஸ் வந்த முதல் நாள் மாலையே உட்கார்ந்து செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பாருங்கள்.

ஒயர்

பாக்ஸின் பின்புறத்தில் மூன்று இடங்களைத் தெரிந்துகொண்டால் போதும். தெருவிலிருந்து வரும் கேபிள் ஒயரையோ மாடியில் இருக்கும் டிஷ்ஷின் ஒயரையோ திருகி மாட்டும் வட்டமான இடம் ஒன்று. அடாப்டர் செருகும் இடம் ஒன்று. டிவிக்குப் போகும் ஒயருக்கான இடம் ஒன்று. டிவிக்குப் போகும் ஒயரில் இரண்டு வகை உண்டு. தட்டையான முனை கொண்ட எச்.டி.எம்.ஐ. ஒயர் படத்தையும் ஒலியையும் சேர்த்தே கொண்டுபோகும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று முனைகள் உள்ளது ஏ.வி. ஒயர், மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. பழைய குண்டு டிவிக்கு ஏ.வி. ஒயர்தான். தட்டை டிவி என்றால் எச்.டி.எம்.ஐ. ஒயரையே கேட்டு வாங்குங்கள்.

எச்.டி. சேனலுக்குப் பணம் கட்டிவிட்டு, அதை ஏ.வி. ஒயர் வழியாகப் பார்க்கும் வீடுகளை அடிக்கடி காண்கிறேன். அந்த ஒயரில் எச்.டி. தெளிவு வராது. டிவி, பாக்ஸ், ஒயர், சேனல் நான்கும் எச்.டி.யாக இருந்தால்தான் கட்டிய பணத்துக்குப் பலன் கிடைக்கும்.

பாக்ஸின் மேல் துணி போர்த்தாதீர்கள். பூ வேலைப்பாடு உள்ள துணி அழகுதான், ஆனால் பாக்ஸின் மூச்சுத் துளைகளை அது அடைத்துவிடும். சூடேறிய பாக்ஸ் நடுநடுவே தானாக நின்று நின்று ஓடும்.

திரையில் ‘நோ சிக்னல்’ என்று வந்தால்

எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி இதுதான். ஆளைக் கூப்பிடும் முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். பாக்ஸின் ரிமோட்டில் ‘மெனு’ பொத்தானை அழுத்துங்கள்.

மெனு திரையில் தெரிந்தால் பாக்ஸுக்கும் டிவிக்கும் இடையே எல்லாம் சரியாக இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒயரில்தான் கோளாறு. திருகு தளர்ந்திருக்கிறதா என்று கையால் இறுக்கிப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் புகார் கொடுங்கள். மெனு தெரியவே இல்லை என்றால் பெரும்பாலும் டிவி வேறு வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். டிவியின் சொந்த ரிமோட்டை எடுத்து ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ பொத்தானை அழுத்தி, ஒயர் செருகியிருக்கும் எச்.டி.எம்.ஐ. எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஒயர் இரண்டாவது இடத்தில் செருகியிருந்தால் எச்.டி.எம்.ஐ. 2. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் லைன்மேனுக்காகக் காத்திருந்து வீணாகும் ஒரு முழு மாலை மிச்சம்.

இரண்டு ரிமோட்டுகளில் எது எதற்கு என்ற குழப்பத்துக்கும் வழி இருக்கிறது. பல பாக்ஸ்களின் ரிமோட்டில் டிவிக்கென்று ஒரு தனிப் பகுதி, கோடு போட்டுப் பிரித்து, மேலேயோ கீழேயோ இருக்கும். அங்குள்ள ‘செட்’ பொத்தானைச் சிவப்பு விளக்கு நின்று எரியும் வரை அழுத்திப் பிடியுங்கள். பிறகு இரண்டு ரிமோட்டுகளையும் மூக்கோடு மூக்கு வைத்து, பாக்ஸ் ரிமோட்டில் டிவி பவர் பொத்தானை ஒரு முறை, டிவி ரிமோட்டில் பவர் பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள். விளக்கு மினுக்கினால் கற்றுக்கொண்டது. சத்தம் கூட்ட, குறைக்க, சோர்ஸ் மாற்ற என்று ஒவ்வொன்றையும் இதேபோல் சொல்லிக்கொடுத்து, கடைசியில் ‘செட்’டை மறுபடி அழுத்தி முடிக்கலாம். அதன்பின் டிவி ரிமோட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துவிடுங்கள். கையில் ஒரே ரிமோட் என்றால் பெரியவர்களுக்கு அது எவ்வளவு நிம்மதி என்பதை அவர்கள் முகத்திலேயே பார்ப்பீர்கள்.

எந்தச் சேனலுக்குப் பணம்

கட்டணச் சேனலைப் பார்க்க பாக்ஸ் கட்டாயம் என்ற முறையை 2003 செப்டம்பரிலேயே ஏற்று நடந்த ஊர் சென்னை. இத்தனை ஆண்டு அனுபவம் இருந்தும், தங்கள் பேக்கில், அதாவது பணம் கட்டி வாங்கிய சேனல் தொகுப்பில், என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரிந்த வீடுகள் குறைவு.

மாதக் கட்டணத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. இணைப்புக்கான அடிப்படைக் கட்டணம் ஒன்று, நீங்கள் தேர்ந்தெடுக்கும் கட்டணச் சேனல்களின் விலை மற்றொன்று. இரண்டுக்கும் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 2020 முதல் 200 சேனல்கள் வரை அடிப்படைக் கட்டணம் 130 ரூபாயைத் தாண்டக் கூடாது, வரியோடு 153 ரூபாய் 40 காசு, என்று தொலைக்காட்சிக் கட்டணங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையமான டிராய் உச்சவரம்பு வைத்திருந்தது. 2024 ஜூலையில் அந்த வரம்பை எடுத்துவிட்டு, தொகையை இணைப்பு தரும் நிறுவனங்களே நிர்ணயித்துக்கொள்ள அனுமதித்தது. ஆகவே பக்கத்து வீட்டுத் தொகையும் உங்கள் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எது அடிப்படைக் கட்டணம், எது சேனல் விலை என்று பிரித்துக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கட்டணச் சேனலின் விலையை நிகழ்ச்சி அட்டவணையிலேயே, சேனல் பெயரின் அருகில் பார்க்கலாம்.

எந்தப் பேக் என்று தீர்மானிக்க நான் சொல்லும் வழி இது. நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தை டிவியின் அருகே மாட்டுங்கள். ஒரு வாரம், யார் எந்தச் சேனலைப் பார்த்தாலும் அதன் பெயரை எழுத வேண்டும். வாரக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிப் பார்த்த எந்த வீட்டிலும் பதினைந்தைத் தாண்டியதில்லை. அவற்றில் சில இலவசச் சேனல்களாகவே இருக்கும். மீதியை ஒவ்வொன்றாக வாங்கினால் எவ்வளவு, தொகுப்பாக வாங்கினால் எவ்வளவு என்று இரண்டு கணக்கும் போடுங்கள். ஒரே ஒளிபரப்பு நிறுவனத்தின் நான்கைந்து சேனல்கள் வேண்டும் என்றால் தொகுப்புதான் மலிவு. ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒன்று மட்டும் போதும் என்றால் தனித்தனியாக வாங்குவது லாபம்.

காசிமேட்டுக் குடும்பங்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், வருமானம் நிற்கும், ஆண்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையும், தொலைக்காட்சியில் ஐ.பி.எல். போட்டியும் அதே நாட்களில்தான். டிவி அதிகமாக ஓடும் இரண்டு மாதங்களில்தான் கையில் பணம் குறைவாக இருக்கும். ரீசார்ஜ் செய்ய முடியாமல் இணைப்பே நின்றுபோன வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். ஏப்ரல் தொடக்கத்திலேயே பெரிய பேக்கை விட்டுவிட்டு, இலவசச் சேனல்களோடு ஆயாவின் தொடருக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று என்று மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் நடுவில் படகு கிளம்பியதும் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

இலவசம் என்றால் ஒன்றும் இருக்காது என்று நினைக்க வேண்டாம். 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி, பிறகு பொதிகை ஆகி, 2024 ஜனவரி முதல் டிடி தமிழ் என்ற பெயரில் வருகிறது. பொதிகையைக் காணவில்லை என்று தேடும் பெரியவர்களுக்கு இந்தப் பெயர் மாற்றத்தைச் சொல்லிவையுங்கள். 2019 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய கல்வி தொலைக்காட்சியும் உண்டு. டியூஷனுக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டில் அந்த ஒரு சேனலைத் தேடிப்பிடித்து வைத்துக்கொள்வது வீண்போகாது.

விருப்பப் பட்டியல்

எனக்கு மிகப் பிடித்த வசதி இதுதான். நூற்றுக்கணக்கான சேனல்கள் உள்ள பாக்ஸில் ஒருவருக்கு வேண்டியவை ஐந்தோ ஆறோ. அவற்றை மட்டும் ஒரு பட்டியலில் சேர்த்துவிட்டால், அம்புக்குறியை அழுத்தும்போது அந்த ஆறுக்குள்ளேயே சுற்றும்.

வேண்டிய சேனலுக்குப் போய் ‘ஃபேவ்’ பொத்தானை அழுத்துங்கள். சில ரிமோட்டுகளில் அது இதயக் குறியாக இருக்கும். சிலவற்றில் ‘மெனு’வுக்குள் ‘ஃபேவரைட்’ என்று இருக்கும். பல பாக்ஸ்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியல்கள் வைத்துக்கொள்ளலாம். முதல் பட்டியலைப் பெரியவர்களுக்குக் கொடுங்கள், இரண்டாவதைக் குழந்தைகளுக்கு, மூன்றாவதை மற்றவர்களுக்கு. முதல் பட்டியலில் எட்டுக்கு மேல் சேர்க்காதீர்கள். எல்லோருக்கும் பிடித்ததையும் அதில் போட்டு முப்பது சேனல்களாக்கி வைத்தால் அது பட்டியலே இல்லை.

காசிமேட்டில் ஒரு வீட்டில் எழுபதைத் தாண்டிய ஆயா ஒருவர். எழுத்து தெரியாது, கண்ணும் மங்கல். தொடர் பார்க்கப் பேத்தி பள்ளியிலிருந்து வரும் வரை காத்திருப்பார். மூன்று முறை பழுது என்று கூப்பிட்டு, மூன்று முறையும் நான் போய் சேனல் எண்ணை அழுத்திவிட்டு வந்தேன். நான்காவது முறை போனபோது அவருக்கென்று ஆறு சேனல்களைச் சேர்த்தேன். பிறகு பேத்தியிடம் சிவப்பு ஒட்டுப்பொட்டு ஒன்று வாங்கி ‘ஃபேவ்’ பொத்தானின் மேல் ஒட்டினேன். பச்சைப் பொட்டு இன்னொன்று வாங்கி, சேனலை மேலே தள்ளும் பொத்தானில் ஒட்டினேன். “ஆயா, முதலில் சிவப்புப் பொட்டு, அப்புறம் உங்கள் சேனல் வரும் வரை பச்சைப் பொட்டு” என்றேன். ரிமோட்டை அவர் கையிலேயே கொடுத்து, என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். முதல் முறை தவறு, இரண்டாம் முறை தவறு, மூன்றாம் முறை அவர் சேனல் வந்துவிட்டது. அதன்பின் அந்த வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை.

கற்றுக்கொடுக்கும்போது ரிமோட்டை நீங்கள் வைத்துக்கொண்டு செய்துகாட்டாதீர்கள். அப்படிக் காட்டினால் அவர்கள் தலையாட்டுவார்கள். நீங்கள் வெளியே போனதும் மறந்துவிடும். அவர்கள் விரல் மூன்று முறை அழுத்தட்டும். ரிமோட்டுக்குப் பாலிதீன் கவர் போட்டிருந்தால், பொத்தானின் எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். நாள்பட்டுப் பழுப்பேறிய கவரைக் கழற்றிவிட்டுப் புதிது போடுங்கள்.

மொழியும் சத்தமும்

விலங்குகள், கடல், அறிவியல் காட்டும் சேனல்கள் பலவற்றிலும் கார்ட்டூன் சேனல்கள் பலவற்றிலும் ஒரே படத்துக்கு இரண்டு மூன்று மொழிகளில் ஒலி வருகிறது. பாக்ஸ் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அது இந்தியாகவோ ஆங்கிலமாகவோ இருந்துவிட்டால், தமிழே கிடையாது என்று நினைத்து மாற்றிவிடுகிறோம். கொருக்குப்பேட்டையில் ஓர் அம்மா பல மாதங்களாக விலங்குகள் சேனலைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படமாக மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, இந்தச் சிங்கத்தைப் பற்றித் தமிழில் சொல்ல மாட்டார்களா?” என்று கேட்டார். ஒரு பொத்தான் அழுத்தியதும் தமிழில் சொல்ல ஆரம்பித்தது. அவர் அத்தனை மாதங்கள் இழந்ததை நினைத்து எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. இணைப்பு கொடுத்த அன்றே நான் காட்டியிருக்க வேண்டும்.

ரிமோட்டில் ‘ஆடியோ’ அல்லது ‘லாங்’ என்ற பொத்தானைத் தேடுங்கள். இல்லையென்றால் ‘இன்ஃபோ’வை அழுத்தினால் மொழிகளின் வரிசை வரும். சேனலுக்குச் சேனல் மாற்றுவது அலுப்பாக இருந்தால், மெனுவின் அமைப்புப் பகுதியில் முதல் மொழி தமிழ் என்று ஒரே முறை வைத்துவிடுங்கள். எங்கெல்லாம் தமிழ் ஒலி இருக்கிறதோ அங்கெல்லாம் அதுவே வரும். தமிழ் ஒலியே இல்லாத சேனலில் இது ஒன்றும் செய்யாது. கிரிக்கெட்டுக்கு ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் என்று தனிச் சேனலே இருக்கிறது, வேறு எண்ணில்.

சத்தத்துக்கு ஒரு சிறு வித்தை. பாக்ஸின் சத்தத்தை முக்கால் அளவுக்கு மேல் ஏற்றி அப்படியே விட்டுவிட்டு, டிவியின் சத்தத்தை மட்டும் கூட்டிக் குறையுங்கள். பாக்ஸில் குறைத்து டிவியில் ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். பேச்சு தெளிவாக இருக்காது. காது மந்தமானவர்கள் இருக்கும் வீட்டில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

இரவு ஷிப்ட் முடித்தவர் அதே அறையில் தூங்குகிறார் என்றால் ஹெட்போன் ஒன்று வாங்குங்கள். டிவியின் பக்கவாட்டில் ஹெட்போன் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்மார்ட் டிவியானால் பலவற்றில் புளூடூத் உண்டு. ஒயர் இல்லாத ஹெட்போனே போதும். ஒரு மனிதரின் பகல் தூக்கமும் ஒரு மூதாட்டியின் மதியத் தொடரும் ஒன்றோடொன்று மோத வேண்டியதில்லை. இதற்குச் செலவழிக்கும் சில நூறு ரூபாய் இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் செலவுகளிலேயே நல்ல செலவு.

அட்டவணையும் நினைவூட்டலும்

‘கைடு’ அல்லது ‘ஈ.பி.ஜி.’ என்ற பொத்தான், எந்தச் சேனலில் எந்த நேரத்தில் என்ன என்று அடுத்த சில நாட்களுக்கான அட்டவணையைக் காட்டும். மாலை ஏழு மணிக்கு மேல் எங்கள் வீடுகளில் நடக்கும் சண்டையைத் தீர்க்கும் பொத்தான் இது. தொடர்கள் பெரும்பாலும் மறுநாள் காலையிலோ மதியமோ மறு ஒளிபரப்பாகும். அந்த நேரத்தை அட்டவணையில் பார்த்துச் சொல்லிவிட்டால், மேட்ச் இருக்கும் நாளில் ஆயாவே ரிமோட்டைக் கொடுத்துவிடுவார். மேட்ச் மறு ஒளிபரப்பில் சுவைக்காது, தொடர் சுவைக்கும். விட்டுக்கொடுப்பதற்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். தொடரை விட்டுக்கொடுத்தவருக்கு மறுநாள் மதியம் டிவி அவருடையது என்று வீட்டில் பேசிவையுங்கள்.

அட்டவணையில் வேண்டிய நிகழ்ச்சியின் மேல் நின்று ‘ஓகே’ அழுத்தினால் நினைவூட்டல் வைக்கலாம். நேரம் வந்ததும், வேறு எந்தச் சேனல் ஓடினாலும் திரையில் அறிவிப்பு வரும். 2022 டிசம்பர் 18 அன்று கத்தாரில் அர்ஜென்டினாவும் பிரான்சும் ஆடிய உலகக் கோப்பை இறுதிப்போட்டி நம் நேரப்படி இரவு எட்டரைக்கு. வியாசர்பாடியில் நான் போகும் வீடுகளில் அன்று காலையிலிருந்தே இதை வைத்துக்கொடுக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கால்பந்தைப் பிள்ளைகளோடு சேர்த்து வளர்க்கும் பகுதி அது. ஒரு வீட்டில் டிவியை வாசல் பக்கம் திருப்பிவிட்டு, சந்தில் பாய் போட்டு இருபது பேர் உட்கார்ந்தார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும் என்றால், நீளமான எச்.டி.எம்.ஐ. ஒயர் ஒன்றை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், டிவி மட்டும் நகரட்டும்.

பதிவு செய்வது

எல்லா பாக்ஸிலும் இது கிடையாது. யு.எஸ்.பி. துளை இருந்தும் பதிவு வசதியைத் திறந்துவிடாத பாக்ஸ்கள் உண்டு. உங்கள் ஆபரேட்டரிடம் கேளுங்கள். இருந்தால், ஒரு பென்டிரைவைச் செருகி, நிகழ்ச்சி ஓடும்போது ‘ரெக்’ அழுத்தலாம், அல்லது அட்டவணையில் முன்கூட்டியே குறித்துவைக்கலாம்.

இதில் மிக முக்கியமானதை முதலில் சொல்கிறேன். புதிய பென்டிரைவைச் செருகியதும் ‘ஃபார்மேட் செய்யவா’ என்று பாக்ஸ் கேட்கும். ஆம் என்றால் அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். புது வண்ணாரப்பேட்டையில் ஒரு குடும்பம் தங்கள் மகளின் திருமணப் படங்கள் இருந்த பென்டிரைவைச் செருகி ‘ஓகே’ அழுத்திவிட்டது. அந்த அம்மா அழுததை நான் மறக்கவில்லை. பதிவுக்கென்று வெறும் பென்டிரைவ் ஒன்றைத் தனியாக வாங்கி, அதன் மேல் ‘டிவி’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

சாதாரண சேனலில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜி.பி., எச்.டி. என்றால் சுமார் 3 ஜி.பி. பிடிக்கும். 32 ஜி.பி. பென்டிரைவ் ஒரு வீட்டுக்குத் தாராளம். பதிவானது அந்த பாக்ஸில் மட்டுமே ஓடும்; கம்ப்யூட்டரிலோ பக்கத்து வீட்டு பாக்ஸிலோ ஓடாது. முன்கூட்டிக் குறித்துவைத்திருந்தால் பாக்ஸை ரிமோட்டில் மட்டும் அணையுங்கள், சுவர் சுவிட்சை அணைக்காதீர்கள். ஒரு சேனல் பதிவாகும்போது வேறு சேனலைப் பார்க்க முடியாத பாக்ஸ்களே அதிகம் என்பதால் பதிவு நேரத்தை வீட்டில் சொல்லிவையுங்கள்.

விளையாட்டைப் பதிவு செய்தால் முடியும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டி வையுங்கள். அந்த உலகக் கோப்பை இறுதிப்போட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போன ஒரு தம்பி இரண்டு மணி நேரத்துக்குக் குறித்துவிட்டுப் போனார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் 3-3 ஆகி, பெனால்டியில் 4-2 என்று அர்ஜென்டினா வென்றது. அவரது பதிவு கூடுதல் நேரத்திலேயே நின்றுவிட்டது.

பூட்டு

மெனுவில் ‘பேரன்டல் லாக்’ என்று இருக்கும். சேனலைத் தனியாகவும் பூட்டலாம், சில பாக்ஸ்களில் வயது வரம்பு வைத்தும் பூட்டலாம். தொடக்கத்தில் ரகசிய எண் 0000 அல்லது 1234 என்றே பெரும்பாலும் இருக்கும். பிள்ளைகளுக்கு அது நம்மைவிட முன்னால் தெரிந்திருக்கும். முதலில் எண்ணை மாற்றிவிட்டுப் பிறகு பூட்டுங்கள். புது எண்ணை ரேஷன் கார்டு வைத்திருக்கும் பையில் எழுதி வையுங்கள், மறந்துவிட்டு என்னைப் போன்றவர்களைக் கூப்பிடும் வீடுகள் நிறைய. பூட்டியதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது.

இணையம் சேர்ந்த டிவி

ஸ்மார்ட் டிவியோ ஆண்ட்ராய்டு பாக்ஸோ இருந்தால் யூடியூப், ஓ.டி.டி. எல்லாம் திரையில் வரும். பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய ‘வேவ்ஸ்’ செயலியில் தூர்தர்ஷனின் பழைய நிகழ்ச்சிகளைப் பார்க்கலாம். பெரியவர்களுக்கு அது பெரிய மகிழ்ச்சி. ஆனால் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் பார்ப்பதாக இருந்தால் கவனம். தெளிவான படம் மணிக்கு 2, 3 ஜி.பி. தின்றுவிடும், ஒரு நாள் டேட்டா ஒரே படத்தின் பாதியில் முடியும். படத்தின் தரத்தை 480 என்று குறைத்து வையுங்கள். குழந்தை தனியாக யூடியூப் பார்க்கும் வீட்டில் ‘யூடியூப் கிட்ஸ்’ செயலியை மட்டும் விட்டுவைப்பது நல்லது.

கடற்காற்றும் மழையும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிய வீடுகளுக்கு இது தனி வேலை. உப்புக் காற்றில் மாடியில் இருக்கும் திருகு முனைகள் துருப்பிடிக்கும். படம் கட்டம் கட்டமாக உடைந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த முனையைத்தான். ஆண்டுக்கு ஒரு முறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் வாக்கில் லைன்மேனைக் கூப்பிட்டு முனையை வெட்டிப் புதிது போடச் சொல்லுங்கள். மேலே நீர் புகாத டேப் சுற்றச் சொல்லுங்கள். ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன் கீழே தொங்கலாக ஒரு வளைவு விட்டால், மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பாக்ஸ் வரை வராது.

டிஷ் வைத்திருப்பவர்களுக்குக் கனமழையில் சில நிமிடங்கள் படம் நின்றுபோகும். அது பழுது அல்ல. மேகமும் மழையும் அலையைத் தடுக்கின்றன. அமைப்புகளை மாற்றாமல் காத்திருங்கள். நம் ஊரிலிருந்து பார்த்தால் இந்தச் செயற்கைக்கோள்கள் தெற்குக்கும் கிழக்குக்கும் இடைப்பட்ட வானத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பினாலோ தண்ணீர்த் தொட்டி வைத்தாலோ டிஷ்ஷை நகர்த்த வேண்டியிருக்கும். இடி மின்னல் தொடங்கியதும் மின்சார இணைப்போடு, பின்னால் திருகியிருக்கும் ஒயரையும் கழற்றிவிடுங்கள். மின்சாரத்தை மட்டும் நிறுத்தினால் போதாது. மாடி ஒயர் வழியாகவும் மின்னல் வரும். மழையில் யாரும் மாடிக்கு ஏறி டிஷ்ஷைத் திருப்பக் கூடாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மறுநாள், ஈரச் சுவரில் ஏறப் பார்த்த இரண்டு பேரை நானே கையைப் பிடித்து இறக்கியிருக்கிறேன்.

கடைசி வேலை. உங்கள் வாடிக்கையாளர் எண், பாக்ஸின் எண், பேக்கின் பெயர், ரீசார்ஜ் முடியும் தேதி, ஆபரேட்டரின் தொலைபேசி எண் ஐந்தையும் ஒரு தாளில் எழுதி பாக்ஸின் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். புகார் செய்யும்போது புகார் எண்ணைக் கேட்டு, தேதியோடு அதே தாளில் குறியுங்கள். எண் இல்லாமல் வாய்மொழியாகச் சொன்ன புகார் யாருக்கும் நினைவிருக்காது. முறையிட்டும் சரியாகவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதையும் அந்தத் தாளின் அடியில் எழுதிவிடுங்கள்.